'தண்ணீர் தெளிக்கப்படும்' என்ற ஒரு வரிக்குள் எத்தனை பவுசர்?

மட்டக்களப்பு மாவட்டத்தில், செங்கலடி–பதுளை வீதியில் கரடியனாற்றைக் கடந்து உள்ளே போகும் ஒரு கிராமத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். ஊருக்கு மேற்கே ஏறக்குறைய 700 மீற்றர் தொலைவில் உள்ள பாறையில் கல்குவாரியும் கல் உடைக்கும் கிரசரும் வரப்போகின்றனவாம். நாளொன்றுக்கு 40 டிப்பர் சல்லி வெளியே போகும். பிரதான வீதிக்கு வர 1.5 கிலோமீற்றர் கிரவல் பாதை, அதுவும் பாடசாலை மதிலை உரசிக்கொண்டு. சுற்றாடல் அறிக்கையில் தூசைப் பற்றி இரண்டே வரிகள்: "தாக்கம் குறைவானது. தண்ணீர் தெளிப்பதன் மூலம் கட்டுப்படுத்தப்படும்." இதை நம்பலாமா, நம்ப முடியாவிட்டால் என்ன கேட்பது என்பது அவருடைய கேள்வி. மகனுக்கு முட்டு வருத்தம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

டீச்சர், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்குவாரி என்றாலே கூடாது என்று நான் எழுதப்போவதில்லை. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை நாம் போடும் வீதி, கட்டும் வீடு, பாலம், அணைக்கட்டு எல்லாம் யாரோ ஒருவருடைய ஊர்ப் பாறைதான். என் சண்டை அந்த இரண்டாவது வரியோடு. 'தண்ணீர் தெளிக்கப்படும்' என்று எழுத ஐந்து விநாடி போதும். அதைச் செய்ய எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் பார்த்த அறிக்கை என் கையில் அகப்பட்டது மிக அரிது. ஆகவே நாமே கணக்குப் பார்ப்போம்.

பெரும்பாலானவர்கள் பயப்படுவது வெடிக்கு. கரடியனாற்றுப் பக்கத்து மக்கள் பயப்படுவதில் வியப்பில்லை. 2010 செப்டெம்பர் 17 அன்று பொலிஸ் நிலைய வளாகத்தில் வீதி வேலைக்கென்று வைத்திருந்த டைனமைற் வெடித்ததை யார் மறப்பார்கள்? ஆனால் காற்று மாசைப் பொறுத்தவரையில் வெடி முதல் எதிரி இல்லை. வெடியில் எழும் தூசு மலைபோலத் தெரியும், சில நிமிடங்களில் கலைந்துவிடும். வாரத்தில் சில தடவைதான் நடக்கும். வெடியில் கவனிக்கவேண்டியது புகையின் நிறம். ஈரம் பட்ட வெடிமருந்தோ சரியாகக் கலக்காத வெடிமருந்தோ பழுப்பும் செம்மஞ்சளுமாகப் புகை விடும். அது நைதரசனீரொட்சைட்டு. அந்தப் புகை கலையும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது, காற்று ஊர்ப்பக்கம் வீசும் நேரத்தில் வெடி வைக்கவும் கூடாது. வெடியினால் வரும் மற்றத் தொல்லைகள் அதிர்வும் சத்தமும் பறக்கும் கல்லும். அவை வேறு கணக்கு, இங்கே விடுகிறேன்.

அடுத்துப் பழி விழுவது கிரசர் மேல். நியாயம்தான், ஆனால் முழு நியாயம் இல்லை. உங்கள் 40 டிப்பரை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 10 தொன் என்றால் நாளுக்கு 400 தொன் கல். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய ஆலைகளில் அளந்து வெளியிட்டிருக்கும் காரணிகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. அவற்றின்படி, தண்ணீர் எதுவும் அடிக்காமல் ஒரு தொன் கல்லைச் சிறு சல்லியாக உடைக்கும்போது எழும் பி.எம். 10 தூசு, அதாவது பத்து மைக்ரோனுக்கு (மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு) மேற்படாத, மூச்சோடு உள்ளே போகும் தூசு, 1.2 கிராம். சல்லடையில் 4.3 கிராம். ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்குக் கல் விழும் ஒவ்வோர் இடத்திலும் 0.55 கிராம். அப்படி ஐந்து இடம் என்று வைத்தாலும், நாள் முழுவதும் கூட்டினால் 3.3 கிலோ. கல்தூளை வேறாகச் சலிக்கும் சல்லடை மோசமானது, தொன்னுக்கு 36 கிராம். அதில் 100 தொன் போனால் இன்னும் 3.6 கிலோ. எல்லாமாக 7 கிலோ அளவில் நிற்கிறது.

இனிப் பாதைக்கு வருவோம். அதே முகவரகத்துக்குக் கிரவல் பாதைக்கென்று ஒரு சூத்திரம் இருக்கிறது. பாதை மேற்பரப்பில் மாவுபோன்ற நுண்மண் எத்தனை வீதம், வாகனத்தின் சராசரி எடை எவ்வளவு என்ற இரண்டையும் போட்டால் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு தூசு எழும் என்று சொல்லிவிடும். கல்குவாரிப் பாதைகளில் அவர்கள் கண்ட சராசரி நுண்மண் 8.3 வீதம். டிப்பர் நிறைத்துப் போகும்போது 20 தொன், வெறுமையாக வரும்போது 10, சராசரி 15. விடை: கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 650 கிராம் பி.எம். 10. நாற்பது டிப்பரும் போய்வர 120 கிலோமீற்றர். நாளுக்கு 78 கிலோ!

ஏழுக்கும் எழுபத்தெட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள். நம் கிரவலும் அமெரிக்கக் கிரவலும் ஒன்றல்ல. விடை ஐம்பதாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். ஏழாக இருக்காது. அறிக்கை எழுதுகிறவர்கள் கிரசரின் வாயில் இரண்டு தெளிகுழாயைப் பூட்டிப் படம் பிடித்துப் போடுவார்கள். தூசு பாடசாலை மதிலோரம் டயரின் கீழிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும்.

இப்போது அந்தத் தண்ணீர் வரிக்கு வருகிறேன். கிரவல் பாதைக்கு ஒரு சதுர மீற்றருக்கு மணிக்கு 2 லீற்றர் வீதம் தண்ணீர் விட்டால் தூசு பாதியாகக் குறையும் என்பது ஆஸ்திரேலியாவில் சுரங்கங்களுக்குப் பயன்படுத்தும் கணக்கு. அதைவிடக் கூடுதலாக விட்டால் முக்கால்வாசி குறையும். உங்கள் பாதை 1,500 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் என்றால் 9,000 சதுர மீற்றர். மணிக்கு 18,000 லீற்றர். எட்டு மணி நேர வேலைக்கு 144,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் ஒன்று நாளுக்கு 29 தடவை ஓடவேண்டும். அப்படி ஓடியும் பாதித் தூசு மிச்சம்.

இந்தத் தண்ணீர் எந்தக் குளத்திலிருந்து, எந்தக் கிணற்றிலிருந்து? அறிக்கையில் தேடிப் பாருங்கள். படுவான்கரையில் தூசு எப்போது கிளம்பும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும்போது. அதே மாதங்களில்தான் கிணறு வற்றி, வாய்க்காலில் சேறு வெடித்து, வீட்டு வாசலில் பீப்பாயை வைத்துக்கொண்டு குடிநீர்ப் பவுசருக்குச் சனம் காத்திருக்கிறது. குடும்பம் ஒன்றுக்கு நாளுக்கு 100 லீற்றர் என்று வைத்தால், பாதையில் ஊற்றச் சொல்லும் தண்ணீர் 1,440 குடும்பங்களின் தண்ணீர். தூசு அதிகமாகும் அன்றுதான் தெளிக்கத் தண்ணீர் இருக்காது. 'தண்ணீர் தெளிக்கப்படும்' என்ற வாக்குறுதி கச்சான் மாதங்களில் தானாகவே பொய்யாகிவிடுவது இதனால்தான். யாரும் ஏமாற்ற நினைத்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

குவாரிக் குழியில் மாரி மழைத் தண்ணீர் தேங்குமே, அதைப் பயன்படுத்தலாம் என்று பதில் வரும். நல்ல பதில், நானே சில இடங்களில் அதைப் பரிந்துரைத்திருக்கிறேன். நான்கு மாதம் தெளிக்க ஏறக்குறைய 17,000 கன மீற்றர் வேண்டும். 60 மீற்றர் நீளமும் 60 மீற்றர் அகலமும் 5 மீற்றர் ஆழமுமான குழி நிறைந்து நின்றால் ஏறக்குறையப் போதும், ஆவியாகும் தண்ணீருக்கு இன்னும் சற்று ஆழம் வேண்டும். ஆனால் அந்தக் குழி முதல் வருடத்தில் இருக்காது. இரண்டாம் வருடத்திலும் இருக்குமா என்பது சந்தேகம். ஆக, தொடக்கத்தில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

தண்ணீரை விட நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முதலில் காசு போகும், அதனால்தான் அறிக்கையில் இடம் கிடைப்பதில்லை. அந்த 1.5 கிலோமீற்றரையும் தார் போட்டோ கொங்கிறீற் போட்டோ மூடிவிட்டால், மேலே கல்தூள் படிந்து கிடந்தாலும்கூட கிலோமீற்றருக்கு 650 கிராம் என்பது 70 கிராம் அளவுக்கு இறங்கும். நாளுக்கு 78 கிலோ 9 கிலோவுக்குள் வந்துவிடும். ஒழுங்காகக் கூட்டிக் கழுவினால் கிலோமீற்றருக்குப் பத்துப் பதினைந்து கிராம்தான். கல்லும் சல்லியும் அவர்களிடமே இருக்கின்றன, வெளியே வாங்கவேண்டியது தாரும் சீமெந்தும். முழுப் பாதைக்கும் முடியாது என்றால், பாடசாலைக்கும் வீடுகளுக்கும் முன்னால் உள்ள பகுதிக்காவது உற்பத்தி தொடங்கும் முன்பே போடச் சொல்லுங்கள். 'ஆறு மாதத்துக்குள்' என்ற சொல்லை ஏற்காதீர்கள். ஆறு மாதம் என்பது நம் ஊரில் நீளக்கூடிய அளவு.

தார் போடும் வரை, மாவான கிரவலை வழித்தெடுத்துவிட்டு மேலே தடித்த சல்லி பரப்பினால் நுண்மண் குறையும், தூசும் அதே அளவுக்குக் குறையும். வேகமும் முக்கியம். 40 கிலோமீற்றர் வேகத்தை 20 ஆக்கினால் தூசு ஏறக்குறையப் பாதியாகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். ஆனால் பலகையில் '20' என்று எழுதி நட்டால் டிப்பர் சாரதி பார்ப்பாரா? நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும்வரை பார்க்கமாட்டார். கூலி முறையே வேகத்தை ஓட்டுகிறது. வேகத்தடைகளை நெருக்கமாகப் போடுவதுதான் நடைமுறைக்குச் சரிவரும். தறப்பாள் கட்டாமல் எந்த டிப்பரும் வெளியேறக் கூடாது. வாசலில் டயர் கழுவும் தொட்டி இருந்தால் பிரதான வீதியில் சேறு ஏறிக் காய்ந்து மறுபடி தூசாவது நிற்கும். ஒன்றை மட்டும் அனுமதிக்கக் கூடாது: கழிவு எண்ணெயைப் பாதையில் ஊற்றும் பழக்கம். தூசு அடங்கும், உண்மைதான். முதல் மாரியில் அவ்வளவும் வயலுக்கும் குளத்துக்கும் போகும்.

கிரசரை நான் மன்னித்துவிட்டதாக நினைக்கவேண்டாம். அதன் தூசு அளவில் குறைவானாலும் குணத்தில் கெட்டது. நம் கிழக்கின் அடிப்பாறை புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்று அழைக்கும் பழைய உருமாறிய பாறை, பெரும்பாலும் கருங்கல்லை ஒத்த நைஸ். அதில் குவார்ட்ஸ் தாராளமாக இருக்கிறது. உடைக்கும்போது அது படிகச் சிலிக்காத் தூசாகிறது. நான்கு மைக்ரோனுக்குக் கீழான துகள் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கி வடுவை உண்டாக்கும். அந்த வடுதான் சிலிக்கோசிஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை, கூடவே காசநோய்க்கும் வழி திறந்துவிடும். படிகச் சிலிக்காத் தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் முதல் வகுப்பில் சேர்த்தது. அமெரிக்காவில் 2016இல் வந்த விதிப்படி தொழிலாளி எட்டு மணி நேரத்தில் சுவாசிக்கலாம் என்ற எல்லை ஒரு கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்பை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

அம்பாறைப் பக்கம் ஒரு குவாரியில் நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜக்ஹமர் பிடித்து வெடிக்குழி துளைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். தண்ணீர் விடாத உலர் துளைப்பு. துளையிலிருந்து வெள்ளைத் தூசு புகைபோக்கிபோல எழுந்து நேரே அவர் முகத்துக்கு வந்தது. மூக்கையும் வாயையும் துவாயால் சுற்றியிருந்தார். பேச அழைத்தபோது துவாயை அவிழ்த்தார். கீழே இருந்த முகம் கறுப்பு, மேலே இமை மயிர் முழுக்க வெள்ளை, கிழவரின் இமைபோல. வயதைக் கேட்டேன், முப்பத்திரண்டு. துவாயைக் கையில் வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். நெசவின் ஓட்டைகள் கண்ணுக்கே தெரிந்தன. நான்கு மைக்ரோன் துகளுக்கு அது திறந்த படலை. அதே துவாயைத்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் உதறுவார், பிள்ளைகள் நிற்கும் முற்றத்தில்.

துளைப்பானுக்குத் தண்ணீர் இணைப்போ தூசு உறிஞ்சும் பையோ இருந்தால் இந்தத் தூசில் பெரும்பகுதி எழவே எழாது. கிரசரின் வாயிலும் பட்டி விழும் இடங்களிலும் மெல்லிய தெளிப்பு, சல்லடைக்கு மூடி, சல்லி குவியலில் விழும் உயரத்தைக் குறைக்கும் சரிவுக்குழாய். இவற்றுக்குப் போகும் தண்ணீர் பாதைக்குப் போவதில் சிறு பங்கு, பலனோ பெரிது. தெளிப்பு இருந்தால் சல்லடையின் 4.3 கிராம் 0.37 ஆகிறது. பத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆகவே தண்ணீர் குறைவாக இருந்தால் முதலில் கிரசருக்கும் துளைப்பானுக்கும், பாதைக்குத் தாரும் வேகத்தடையும் என்பது என் வரிசை.

அடுத்தது மதிப்பீடு. அறிக்கையின் பின்னிணைப்பில் 'தற்போதைய காற்றின் தரம்' என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள், திகதியைப் பாருங்கள். இருபது வருடத்துக்கு முன் இப்படியான ஓர் ஆய்வுக்குக் கருவி தூக்கிப் போன இளைஞர்களில் நானும் ஒருவன். டிசம்பர் மாதம், மூன்று நாள் விடாத மழை. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. கோயில் மண்டபத்தில் மின்சாரம் இருந்ததால் கருவியை அங்கே வைத்தோம். ஒரே ஒரு 24 மணி நேரம். வடிதாள் கிட்டத்தட்ட வைத்தபடியே வெள்ளையாக வந்தது. அறிக்கையில் 'பிரதேசத்தின் காற்று மிகச் சுத்தமானது' என்று ஏறியது. அளந்தது சரி, கருவி சரி, எண்ணும் சரி. கச்சானில் அந்த மண்டபத்துத் தூணில் விரலால் பெயர் எழுதலாம் என்று ஐயர் எங்களிடம் சொன்னதை மட்டும் யாரும் எழுதவில்லை.

உங்கள் ஊருக்கு மேற்கே பாறை. கச்சான் மேற்கிலிருந்து வருகிறது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் குவாரியின் தூசு ஊரை நோக்கியே வரும். வாடைக் காலத்தில் அது மறுபக்கம் காட்டுக்குள் போகும். ஆகவே கச்சானில் அளக்காத மதிப்பீடு உங்கள் ஊரைப் பற்றிய மதிப்பீடே இல்லை. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் நுண்தூசான பி.எம். 2.5 சில நாள்களில் எதிர்பாராமல் ஏறும். வட இந்தியப் பக்கத்துப் புகைக் காற்று வங்காள விரிகுடா வழியாக நம் மேல் வருவதே காரணம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு அது வந்தபோது நாடு முழுவதும் பாடசாலைகளை ஒருநாள் மூடினார்கள், நீங்களும் வீட்டில்தான் இருந்திருப்பீர்கள். அப்படி ஒரு நாளில் அளந்தால் 'இங்கே ஏற்கனவே மாசு அதிகம், குவாரியால் கூடுவது சொற்பம்' என்று எழுதலாம். மழை நாளில் அளந்தால் 'காற்று சுத்தம், தாங்கும்' என்று எழுதலாம். டிசம்பர் இரண்டுக்கும் வசதியான மாதம்.

கிழக்கில் கடற்காற்று வேறு குறுக்கிடும். மட்டக்களப்பு நகர வானிலை நிலையத்தின் காற்றுத் தரவை எடுத்து 25 கிலோமீற்றர் உள்ளே உள்ள குன்றுக்குப் பொருத்துவது வழக்கம். கரையில் பிற்பகலில் கிழக்குக் காற்று ஏறும் நேரத்திலும் உங்களிடத்தில் கச்சான் நின்று பிடிக்கக்கூடும். அதிகாலையில் காற்று அசையாது, பனிப்புகைபோலத் தூசு தரையோடு படுத்துக்கிடக்கும். டிப்பர்கள் விடியற்காலை நான்கு ஐந்து மணிக்குக் கிளம்பப் பிரியப்படுவது அந்த நேரத்தில்தான். ஆகவே குவாரி இடத்திலேயே ஒரு காற்றுமானியை நட்டு, ஒரு வருடம் முடியாவிட்டால் கச்சான் மாதங்களிலாவது பதியவேண்டும் என்று கேளுங்கள். குவாரிக்கு மேற்கே ஒன்று, ஊருக்குள் ஒன்று, பாடசாலை மதிலில் ஒன்று என மூன்று இடத்தில் பல நாள் அளக்கவேண்டும்.

பிறகு எதிர்வுகூறல். தூசு காற்றில் எப்படிப் பரவும் என்று கணினி மாதிரி போட்டோம் என்பார்கள், ஏர்மொட் என்ற மென்பொருளின் பெயர் அடிபடும். நல்ல கருவிதான். ஆனால் பாதைத் தூசை உள்ளே போடாமல் கிரசரை மட்டும் போட்டு ஓட்டினால் அது ஏழு கிலோவுக்கான விடையைத்தான் தரும். 'பாதையைச் சேர்த்தீர்களா, நுண்மண் எத்தனை வீதம் என்று எடுத்தீர்கள்?' என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார் என்று கவனியுங்கள். வருடச் சராசரியைக் காட்டினால் போதாது, மிக மோசமான ஒரு நாளில் மிகக் கிட்டிய வீட்டில் மொத்தம் எவ்வளவு என்று காட்டவேண்டும். அதே பாதையை வேறு குவாரிக்காரரும் பயன்படுத்தினால் அதையும் கூட்டவேண்டும்.

எல்லை என்ன என்று கேட்பீர்கள். 2008 ஓகஸ்டில் திருத்திய நம் நாட்டு விதிப்படி 24 மணி நேரத்துக்கு பி.எம். 10 ஒரு கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராம், பி.எம். 2.5 என்றால் 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 45, 15. ஆகவே அறிக்கையில் '88, தரநிலைக்குள் உள்ளது' என்று இருந்தால் சட்டத்துக்கு அது சரி, உங்கள் மகனின் மூச்சுக்குச் சரி என்று அர்த்தமில்லை.

சட்ட வழி சுருக்கமாக. குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இயந்திரம் கொண்டு கல் அகழ்வது 1993 ஜூன் வர்த்தமானியின்படி சுற்றாடல் அனுமதி தேவைப்படும் திட்டங்களில் ஒன்று, 700 மீற்றர் அதற்குள் வருகிறது. முழுமையான தாக்க மதிப்பீடு என்றால் பொதுமக்கள் 30 வேலை நாளுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். ஆரம்பப் பரிசோதனை அறிக்கை மட்டும் என்றால் அந்தக் கால அவகாசம் இல்லை, ஆனால் அதுவும் பொது ஆவணம், போய்ப் பார்க்கலாம். தரமாட்டேன் என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பியுங்கள், 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். அகழ்வு அனுமதி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம். இரண்டும் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படுபவை. ஆட்சேபனை எழுதும்போது 'குவாரி வேண்டாம்' என்று ஒரே வரியில் கையெழுத்து வாங்குவதை விட, 'உற்பத்திக்கு முன் இத்தனை மீற்றர் தார், இத்தனை வேகத்தடை, தண்ணீரின் மூலம் இன்னது, கச்சானில் மாதந்தோறும் அளவீடு, முடிவைப் பிரதேச செயலகப் பலகையில் ஒட்டவேண்டும்' என்று நிபந்தனையாக எழுதுங்கள். அனுமதிப்பத்திரத்தில் ஏறிய நிபந்தனையை மீறினால் புதுப்பிக்கும்போது மறிக்கலாம். வாய்வார்த்தையை எங்கே மறிப்பது?

மரம் நடுவோம் என்று கட்டாயம் சொல்வார்கள். நடட்டும். வேம்பும் பூவரசும் நம் வரட்சியைத் தாங்கும், இலையில் பருந்தூசு ஒட்டும். கன்று வளர்ந்து சுவராக நான்கைந்து வருடம் ஆகும், நுண்தூசு அப்போதும் தாண்டும். கணக்கில் அதைச் சேர்க்கவேண்டாம். கையடக்கக் காற்றுமானி வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மலிவான லேசர் கருவிகள் புகைக்கு நல்லவை, கல்தூசுபோன்ற பருமனான துகள்களைப் பெரும்பாலும் தவறவிடும். குறைவான எண்ணைக் காட்டி உங்களுக்கே எதிராக நிற்கும்.

அதற்குப் பதிலாக மிகப் பழைய முறை ஒன்று. முப்பது சென்றிமீற்றர் வாய் உள்ள நேர்ச்சுவர்ப் பேசின் ஒன்றை, இரண்டு மீற்றர்க் கம்பத்தின் மேல், மரமும் கூரையும் இல்லாத வெளியில் கட்டுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கட்டும், காற்றில் தூசு திரும்பப் பறக்காது. வாயில் கொசுவலை கட்டினால் இலையும் காகமும் விழாது. முப்பது நாள் கழித்து வண்டலை வடித்துக் காயவைத்து நகைக்கடைத் தராசில் நிறுங்கள். சமையலறைத் தராசு காட்டாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் படியும் தூசுக்கு வைத்திருக்கும் எல்லை மாதம் சதுர மீற்றருக்கு 4 கிராம். உங்கள் பேசினுக்கு அது 0.28 கிராம். நீதிமன்றத்தில் இதுவே சான்றாகிவிடாது. ஆனால் குவாரி வரும் முன் ஒரு கச்சான், வந்தபின் ஒரு கச்சான் என்று ஒரே இடத்தில் நிறுத்து, திகதி போட்டு, கிராம உத்தியோகத்தரிடம் கையொப்பமும் வாங்கி வைத்திருந்தால், 'முன்பும் இப்படித்தான் இருந்தது' என்று எந்த நிபுணரும் உங்கள் முன்னால் சொல்லமுடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விஞ்ஞானச் செயற்றிட்டமாகக் கொடுத்துவிடுங்கள். ஒன்றைப் பாடசாலை மதிலோரம், ஒன்றைப் பாதையிலிருந்து தள்ளிய ஒரு வளவில்.

மகனைப் பற்றிச் சொல்வதானால், இப்போதே கிளினிக்கில் காட்டி, மாதத்துக்கு எத்தனை நாள் முட்டு வருகிறது, பம் எத்தனை தடவை அடிக்கிறான் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். பேசினின் கணக்கோடு அந்தக் கொப்பியும் பக்கத்தில் இருக்கட்டும். கச்சான் தொடங்க இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. பேசினை இந்தச் சனிக்கிழமையே கட்டிவிடுங்கள்.